சின்னச் சொற்களும் மூக்காயியின் மாடும்

லெச்சுமியின் வாயில் ஒரு பூக்காம்பு தொங்கிக்கொண்டிருந்தது. மென்று முடிக்காத மிச்சம். அதையும் விழுங்கித் தொலைத்திருந்தால் சாட்சியாவது இல்லாமல் போயிருக்கும். அந்தப் புத்தி அதற்கு இல்லை. ஆபீஸ் வாசற்படியில் நின்று எங்களை ஒவ்வொருவராகப் பார்த்து, காதை ஒரு தரம் ஆட்டிக்கொண்டது.

லெச்சுமி என்பது பசுமாடு. ரப்பர் மரத்தில் பால் வெட்டும் மூக்காயியுடையது. பூ, பெரிய துரையின் மனைவியான துரைசாணியுடையது. சீமையிலிருந்து அவருடைய தாயார் தபாலில் அனுப்பிய விதை. இரண்டு வருஷமாகப் போட்டுப் போட்டு முளைக்காமல், கடைசியில் எப்படியோ முளைத்து, அன்று காலையில்தான் முதல் பூ விட்டிருந்தது. விடியற்காலையில் ஆட்களைக் கூட்டிப் பேர் எடுக்கும் பெரட்டு நேரத்தில் பூத்தது. பத்து மணிக்கு லெச்சுமியின் வயிற்றில் இருந்தது.

மாட்டைப் பிடித்துவந்த பங்களாத் தோட்டக்காரன் பண்டா, "அனே, அனே!" என்று சிங்களத்தில் புலம்பித் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றான். துரைசாணி பங்களாவில் அழுதுகொண்டிருப்பதாகச் சொன்னான்.

பெரிய துரை விறாந்தையில் நின்று தும்மினார். ரப்பர்ப் புகை ஒத்துக்கொள்ளாத மூக்கு அவருக்கு. கோபம் வந்தால் தும்மல் இரட்டிக்கும். ஆட்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் தும்மல் துரை. ஏழு தும்மல் தும்மி முடித்துவிட்டுச் சொன்னார்:

"ஐ வோன்ட் புட் அப் வித் இட் எனி லாங்கர். கெட் ரிட் ஆஃப் இட். டுடே."

இனிமேல் இதைப் பொறுத்துக்கொண்டிருக்க மாட்டேன், மாட்டை ஒழித்துக்கட்டு, இன்றைக்கே. அதாவது யட்டியாந்தோட்டைக் கடைவீதியில் உள்ள இறைச்சிக்கடைக்குச் சாயந்தரத்துக்குள் மாடு போய்ச் சேர வேண்டும்.

மூக்காயி என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் பயம் இல்லை. சிரிப்பு இருந்தது.

"தொரை என்ன சொல்றாரு கிளாக்கரையா? மாட்டைப் பத்தித்தானே?"

பிள்ளைகளே, துரை சொன்னதில் ஒரு எழுத்துகூட விடாமல் எனக்கு விளங்கியிருந்தது. வில்லங்கமே அங்கேதான். விளங்காத காலத்தில் நான் இதைவிட எவ்வளவோ நல்ல கிளாக்கராக இருந்தேன்.

கோட்டுப் போட்ட இங்கிலீஷ்

உங்கள் அப்பனுக்கு ஏழாம் வகுப்புக்கு மேல் படிப்பில்லை. இதை நான் ஒளித்ததில்லை. கரவனெல்லைப் பக்கத்தில் ஒரு பாதிரியார் நடத்திய பள்ளிக்கூடத்தில் படித்தேன். அங்கே கற்ற இங்கிலீஷ் எல்லாம் கோட்டும் தொப்பியும் போட்ட சொற்கள். ஏறு என்பதற்கு அஸென்ட். பொறுத்துக்கொள் என்பதற்கு டாலரேட். தீயை அணை என்பதற்கு எக்ஸ்டிங்குயிஷ். இந்தக் கடைசிச் சொல்லை எழுத்துக்கூட்டிச் சொன்னதற்காக எனக்கு ஒரு பென்சில்கூடக் கிடைத்தது.

கொய்யாமலைத் தோட்டத்தில் எனக்கு வேலை கிடைத்த முதல் மாதம், ரப்பர்ப் பாலைத் தகடாக்கும் ஸ்டோரில், புகைக்கூட்டில் தீப்பிடித்தது. காயப்போட்ட ரப்பர்த் தகடு ஒன்று அடுப்பில் விழுந்துவிட்டது. நான் ஓடிப்போய்த் துரையிடம், "ஐயா, தயைகூர்ந்து எக்ஸ்டிங்குயிஷ்" என்று ஆரம்பித்தேன். அந்த வாக்கியத்தை நான் முடிப்பதற்குள் கூரையின் ஒரு மூலை முடிந்துவிட்டது.

துரை கத்தினார்: "புட் இட் அவுட்!"

புட் என்றால் வை. அவுட் என்றால் வெளியே. இரண்டும் எனக்குத் தெரிந்த சொற்கள். எதை வெளியே வைப்பது என்றுதான் தெரியவில்லை. சுற்றுமுற்றும் பார்த்தேன். மேசைதான் இருந்தது. அதைத் தூக்கி வெளியே வைத்தேன். இங்கிலீஷ் ஒரு வார்த்தை தெரியாத ஆட்கள் அதற்குள் வாளியோடு ஓடி, தீயை அணைத்துவிட்டார்கள்.

அன்றைக்கு ஒன்று புரிந்தது. வெள்ளைக்காரன் வீட்டில் கோட்டுப் போட்ட சொல் விருந்தாளி மாதிரி. எப்போதாவதுதான் வரும். வீட்டு வேலை முழுவதையும் பார்ப்பவை சில்லறைச் சொற்கள். புட், கெட், டேக், லுக், கோ, கம் என்று ஒரு பத்துப் பதினைந்து வினை. அவற்றோடு ஒட்டிக்கொள்ள அப், டவுன், இன், அவுட், ஆன், ஆஃப், அவே என்று இன்னொரு பத்து. இந்த இரண்டு கூட்டத்தையும் ஜோடி மாற்றி மாற்றிப் போட்டே துரைமார் பிறந்து, வளர்ந்து, தோட்டம் நடத்தி, பென்ஷனும் வாங்கிவிடுகிறார்கள்.

ஈர்க்குத் துரையின் ஒப்பந்தம்

அந்தச் சமயத்தில்தான் சீமையிலிருந்து புதிதாக ஒரு சின்னத்துரை வந்து இறங்கினார். தென்னை ஈர்க்கு மாதிரி உடம்பு. ஈர்க்குத் துரை என்று பெயர் விழுவதற்கு ஒரு பகல்கூட ஆகவில்லை. எனக்கும் அவருக்கும் ஏறத்தாழ ஒரே வயது.

அவருக்கு ஒரு தொல்லை. தமிழ்ப் பரீட்சை தேறினால்தான் வேலை நிரந்தரம். பரீட்சை வைப்பவர் தும்மல் துரை. ஈர்க்குத் துரையின் தமிழோ வெறும் ஏவல். "நீ வா. நீ போ. சும்மா நில்லாதே." கோயிலில் பூசாரி திருநீறு நீட்டியபோதுகூட "நீ போடு" என்று சொல்லி நெற்றியைக் காட்டினார். பூசாரி போட்டார். வேறென்ன செய்வார்?

ஒப்பந்தம் செய்துகொண்டோம். ஸ்டோருக்குப் பின்னால் பலா மரத்தடியில், வேலை முடிந்ததும் அரை மணி நேரம். நாளுக்கு ஒரு இங்கிலீஷ் வினையை அதன் குட்டிச் சொற்களோடு அவர் எனக்குக் கொடுப்பார். நாளுக்கு ஒரு தமிழ் வினையை அதன் வாலோடு நான் அவருக்குக் கொடுப்பேன். யார் குரு, யார் சீடன் என்று இரண்டு பேருக்குமே தெரியாது. கொசு மட்டும் பாகுபாடில்லாமல் இருவரையும் கடித்தது.

முதல் நாள் அவர் கொடுத்தது லுக். லுக் என்றால் பார். அதோடு ஆஃப்டர் சேர்ந்தால் கவனித்துக்கொள். ஃபார் சேர்ந்தால் தேடு. அப்போடு டூவும் சேர்ந்தால் ஒருவரைப் பெரிய மனிதராக மதி. டவுனோடு ஆனும் சேர்ந்தால் ஒருவரை இளக்காரமாக நினை. கண் ஒன்றுதான். அதை எந்தப் பக்கம் திருப்புகிறாய் என்பதில் இவ்வளவு விஷயம்.

எனக்குத் தலை சுற்றியது. அப்போது ஒரு நல்ல காரியம் நடந்தது.

குட்டி ரயில்

எங்கள் ஊருக்கு வரும் ரயிலை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். அகலம் குறைந்த பாதை, பொம்மை மாதிரி எஞ்சின். ஏற்றத்தில் அது மூச்சு வாங்கும்போது ஆட்கள் இறங்கி வெற்றிலை வாங்கிக்கொண்டு மறுபடி ஏறியதாகச் சொல்வார்கள். அது உண்மையோ பொய்யோ, வெற்றிலை மட்டும் நல்ல வெற்றிலை.

பலா மரத்தடியில் இருந்தபடி அந்த ரயில் ஊதுவதைக் கேட்டோம். ஈர்க்குத் துரை உடனே ஒரு குச்சியை எடுத்து மண்ணில் ரயில் வரைந்தார்.

வினைதான் எஞ்சின். அப், அவுட், டவுன் போன்ற சொற்கள் முதல் பெட்டி. சில ரயில்களுக்கு அவ்வளவுதான். டை என்றால் கட்டு. டை அப் என்றால் அவிழ்ந்து போகாமல் கட்டி வை. கட்டப்படும் மாடு பெட்டிக்குப் பின்னாலும் வரலாம், எஞ்சினுக்கும் பெட்டிக்கும் நடுவிலும் வரலாம். ஆனால் மாட்டின் பெயரைச் சொல்லாமல் வெறுமனே 'இட்' என்று சொன்னால், அந்தப் பொடியன் நடுவில்தான் ஏற வேண்டும். டை இட் அப். பின்னால் ஏற்றினால் விழுந்துவிடுவான்.

வேறு சில ரயில்களுக்கு இரண்டு பெட்டி. புட், அப், வித். முதலிரண்டு சேர்ந்து ஒரு முடிச்சு. இரண்டாவது பெட்டியான வித்தில்தான் ஆள் ஏறுவார். யாரை, எதைப் பொறுத்துக்கொள்கிறோமோ அது. புட் அப் வித் மழை. புட் அப் வித் அட்டைக்கடி. புட் அப் வித் தும்மல் துரை. இதில் நடுவில் யாரையும் ஏற்ற முடியாது. எப்போதும் கடைசிப் பெட்டிதான்.

"ரன் அவுட் ஆஃப்?" என்று கேட்டேன். அன்று காலையில்தான் துரை, ரப்பர்ப் பாலை உறைய வைக்கும் ஆசிட்டைப் பற்றி அப்படி ஏதோ சொல்லியிருந்தார். ஆசிட் எங்கே ஓடுகிறது என்று நான் வடிகாலைப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தேன்.

"தீந்து போச்சு," என்றார் ஈர்க்குத் துரை. ஏவல் இல்லாமல் அவர் தமிழில் சொன்ன முதல் வாக்கியம் அதுதான்.

எல்லாவற்றிலும் கடினமான ரயில் ஒன்று இருந்தது. அதைக் கொழும்பிலிருந்து கடிதம் வந்த நாளில் கற்றுக்கொண்டேன். தகட்டில் அழுக்கு இருக்கிறது என்று கொழும்பிலிருந்து யாரோ பெரிய துரையை ஏசி எழுதியிருந்தார்கள். பெரிய துரை சின்னத்துரையை ஏசினார். சின்னத்துரை என்னை ஏசினார். நான் கங்காணியை ஏசினேன். கங்காணி தன் நாயை உதைத்தார். நாய்க்குக் கீழே ஆளில்லாததால் அது சும்மா இருந்தது.

சாயந்தரம் ஈர்க்குத் துரை வெட்கத்தோடு வந்து உட்கார்ந்து, மண்ணில் எழுதினார். டேக் இட் அவுட் ஆன். நடுவிலும் ஒருவன், கடைசிப் பெட்டியிலும் ஒருவன். யார் மேலோ வந்த கோபத்தை வேறு யார் தலையிலோ இறக்குவது. எங்கள் தோட்டத்தை அப்படியே இங்கிலீஷில் எழுதினால் இந்த நாலு சொல்தான் வரும்.

நம் வினைக்கும் வால் உண்டு

பாவம் அவர். என் முறை வந்தபோது நான் இரக்கம் காட்டவில்லை. போடு என்ற வினையைக் கொடுத்தேன். போட்டுவிடு, போட்டுக்கொள், போட்டுக்கொடு, போட்டுப் பார், போட்டு வை, போட்டுத் தள்ளு. ஒவ்வொன்றையும் சொல்லச் சொல்ல அவர் முகம் நீண்டுகொண்டே போனது.

"ஏன் ஒரு வார்த்தை போதாது?" என்று கேட்டார்.

"உங்களுக்கு மட்டும் போதுமாக்கும்?" என்றேன்.

அப்போதுதான் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. மாடு பூவைத் தின்றது என்பது வேறு. தின்று தீர்த்தது என்பது வேறு. அவர்கள் ஈட் என்பதோடு அப் சேர்த்துச் சொல்வதை நாம் தீர்த்து என்று சேர்த்துச் சொல்கிறோம். அவர்கள் வால் சின்னச் சொல், நம் வால் இன்னொரு வினை. வாலில்லாமல் பேசினால் இரண்டு மொழியிலும் அதிகாரம்தான் கேட்கும், அன்பு கேட்காது. 'சொல்' என்பதற்கும் 'சொல்லிப்போடுங்க' என்பதற்கும் நடுவில் ஒரு மலை இருக்கிறது.

பரீட்சையில் அவர் தேறிவிட்டார். ஆனால் ஒவ்வொரு பதிலையும் ங்க போட்டு முடித்ததால், தும்மல் துரைக்கு இது தமிழ்தானா என்று சந்தேகம் வந்ததாம்.

கண்ணாடி மிதவை

இனி என் குற்றத்துக்கு வருகிறேன். நேரே வர வெட்கப்பட்டுத்தான் இத்தனை ரயில் ஏறி இறங்கினேன்.

ஸ்டோரில் எனக்கு ஒரு முக்கியமான வேலை. பால்வெட்டுக்காரர்கள் வாளியில் கொண்டுவரும் ரப்பர்ப் பாலில் ஒரு கண்ணாடி மிதவையை விட்டுப் பார்ப்பேன். அது எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்பதை வைத்துப் பாலில் எவ்வளவு தண்ணீர் என்று சொல்லிவிடலாம். வாளியை நிறைத்துக் காட்ட ஆற்றில் முக்கிக்கொண்டு வருபவர்கள் உண்டு. பிடித்து ஏசுவேன். மூக்காயியின் பாலில் மட்டும் ஒரு நாளும் தண்ணீர் இருந்ததில்லை. வாளியை இறக்கி வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்து, "விட்டுப் பாருங்க, நல்லா விட்டுப் பாருங்க" என்பாள்.

புருஷன் மலேரியாவில் போனபின் இரண்டு பிள்ளைகளோடு தனியாக இருந்தவள். சின்னதுக்கு ஒரு வயசு. விடியுமுன் மலைக்குப் போகிறவள் மத்தியானம் வரை பிள்ளையை ஆயா பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் விட்டுவைக்க வேண்டும். லெச்சுமியின் பால்தான் அதற்கு உயிர்.

கிளாக்கர்மாருக்கு இன்னொரு வேலையும் உண்டு. அதை யாரும் எழுத்தில் கொடுப்பதில்லை. துரை ஏசினால் அதை ஆட்களிடம் பதமாகச் சொல்ல வேண்டும். ஆட்கள் திருப்பி ஏசினால் துரையிடம் அதைவிடப் பதமாகச் சொல்ல வேண்டும். எனக்கு முன்னால் இருந்தவர் அப்படித்தான் செய்தார். அவருக்கு முன்னால் இருந்தவரும். இரண்டு பக்கமும் நடுவில் இருப்பவனை நம்பி, இரண்டு பக்கமும் சந்தோஷமாக இருந்தன.

இங்கிலீஷ் அரைகுறையாக இருந்தபோது இது சுலபம். விளங்காத இடத்தில் எல்லாம் நானே ஏதாவது நல்லதாகப் போட்டு நிரப்பிவிடுவேன். விளங்கத் தொடங்கிய பிறகும் பழக்கம் விடவில்லை.

முதல் தடவை லெச்சுமி ஆட்கள் குடியிருக்கும் லயத்துக்கு வெளியே சுற்றியபோது துரை சொன்னது: அந்தச் சனியனைக் கட்டி வைக்கச் சொல். நான் மூக்காயியிடம் சொன்னது: "தொரை ஒன் மாட்டைப் பத்தி விசாரிச்சாரு."

"அப்பிடியா?" என்றாள். "நல்லா இருக்குன்னு சொல்லுங்க. நல்லாத் திங்கிது."

துரையிடம் திரும்பி, "நல்லது என்கிறாள், ஐயா," என்றேன்.

இரண்டாம் தடவை ரப்பர்க் கன்றுகளுக்குள் புகுந்துவிட்டது. அந்தப் பக்கமே அதை அண்டவிடாதே என்றார் துரை. கீப் இட் அவே ஃப்ரம். அந்த ரயிலை நான் முந்தின வாரம்தான் படித்திருந்தேன். நன்றாக விளங்கியது. மூக்காயியிடம், "மாடு ரொம்பத் தூரம் போய் மேயுதாமே, தொரை கேக்குறாரு" என்றேன்.

மூக்காயிக்குக் கோபம் வந்துவிட்டது. "தூரமாப் போகாம? கிட்டத்துல புல்லு எங்க இருக்கு? இருந்த புல்லையெல்லாம் புடுங்கிப்புட்டு ரப்பரை நட்டது யாருன்னு தொரையையே கேளுங்க!"

"மிகவும் வருந்துகிறாள், ஐயா," என்றேன் துரையிடம்.

மூன்றாம் தடவை துரை பல்லைக் கடித்துச் சொன்னார். இனி ஒரு தடவை நடந்தால் மாடு இந்தத் தோட்டத்தில் இருக்காது. அதை எப்படி நயமாகச் சொல்வது என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். பிறகு சொன்னேன்:

"மூக்காயி, தொரை ஒன் மாட்டை மனசுல வச்சிருக்காரு."

அவள் முகம் மலர்ந்தது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. அன்று சாயந்தரமே லயம் முழுக்கச் சேதி போய்விட்டது. தும்மல் துரைக்கு லெச்சுமி மேல் பிரியம். அதன்பின் பங்களாப் பக்கம் பச்சைப் புல் இருந்தால் மூக்காயி தானே மாட்டை அந்தப் பக்கம் ஓட்டிவிடத் தொடங்கினாள். துரை பார்த்துச் சந்தோஷப்படட்டும் என்று.

மறுபடியும் வாசற்படி

இப்போது தெரிகிறதா அவள் ஏன் சிரித்தாள் என்று?

"பூவைத் தின்னது தப்புத்தானுங்க," என்று அவளே துரையைப் பார்த்துச் சொன்னாள். "ஆனா மூணு தடவை நம்ம மாட்டை விசாரிச்ச தங்கமான மனுசன். தொரைக்குத் தெரியாதா வாயில்லாச் சீவனைப் பத்தி?"

ஈர்க்குத் துரை பக்கத்தில்தான் நின்றார். அவருக்கு இப்போது தமிழ் தெரியும். நானே கற்றுக்கொடுத்தது. அவர் புருவம் மெல்ல ஏறியது. என்னைப் பார்த்தார். பிறகு தன் காலில் கிடந்த சப்பாத்தைப் பார்த்தார். அதில் பார்க்க ஒன்றுமில்லை, கொஞ்சம் சேறுதான். சொல்லமாட்டார் என்று எனக்கு விளங்கிவிட்டது. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் வெளியே தெரியப்போவதில்லை. சாயந்தரம் மாடு போய்விடும். மூக்காயி அழுவாள். துரைக்குத் திடீரென்று மனசு மாறிவிட்டது என்று நினைத்துக்கொள்வாள். நான் எப்போதும்போல மிதவையை விட்டு மற்றவர்கள் பாலில் தண்ணீர் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

லெச்சுமி அப்போதுதான் அந்தப் பூக்காம்பை விழுங்கியது.

"ஐயா," என்றேன். முதலில் கோட்டுப் போட்ட சொற்கள்தான் வந்தன. "ஐ ஹாவ் ஒமிட்டட்..." அதையும் வாய்க்குள்ளேயே முணுமுணுத்தேன்.

"ஸ்பீக் அப்!" என்று துரை கத்தினார்.

"ஐ லெஃப்ட் இட் அவுட், சார்." விட்டுவிட்டேன் ஐயா. "நீங்கள் சொன்னதை மூன்று தடவையும் இவளிடம் சொல்லவில்லை. ஐ மேட் இட் அப்." நானாகக் கட்டிச் சொன்னேன்.

துரை தும்மவில்லை. அதுதான் பயங்கரமாக இருந்தது.

அடுத்த சொல் எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை தெரியாது. பலா மரத்தடி மண்ணிலிருந்து எழுந்து வந்திருக்க வேண்டும். "டோன்ட் டேக் இட் அவுட் ஆன் ஹெர், சார்." என் மேல் உள்ள கோபத்தை அவள் தலையில் இறக்காதீர்கள்.

நாலு சில்லறைச் சொல். ஒன்றுகூடக் கோட்டுப் போட்டிருக்கவில்லை. துரை என்னை அன்றைக்குத்தான் முதல்முறை பார்ப்பதுபோலப் பார்த்தார். வேலை போயிற்று என்று நினைத்தேன். உங்கள் அம்மாவிடம் என்ன சொல்வது என்று யோசித்தேன். அதையும் நயமாகச் சொல்ல ஒரு வழி மனசு தேடியதை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

துரை ஒரு தண்டனை சொன்னார். மூன்று தடவையும் தான் சொன்னதை இப்போதே, தன் முன்னால், ஒரு சொல் குறையாமல் மூக்காயியிடம் சொல்ல வேண்டும். தான் சொன்னபோதெல்லாம் கூட இருந்த சின்னத்துரை சரி பார்ப்பார்.

சொன்னேன். "மூக்காயி, மொதத் தடவை தொரை என்ன சொன்னாருன்னா, மாட்டைக் கட்டி வைக்கச் சொன்னாரு."

"சனியன்," என்றார் ஈர்க்குத் துரை.

"அந்தச் சனியனைக் கட்டி வைக்கச் சொன்னாரு," என்று திருத்திக்கொண்டேன்.

மூக்காயி முதலில் சிரித்தாள், விளையாட்டு என்று நினைத்து. இரண்டாவதைச் சொன்னபோது சிரிப்பு நின்றது. மூன்றாவதையும், கடைசியாக இறைச்சிக்கடையையும் சொன்னபோது அவள் கை தானாக மாட்டின் கழுத்துக் கயிற்றைப் பிடித்தது. பிறகு வாய் திறந்தது.

"ஏனுங்க கிளாக்கரையா! எங்க பாலுல தண்ணி இருக்கான்னு தெனம் கண்ணாடியை விட்டுப் பாக்குற ஆளு, தொரை பேச்சுல இம்புட்டுத் தண்ணியையா ஊத்துனீங்க? கட்டி வைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கட்டி வச்சிருக்க மாட்டேனா? எம்புள்ள குடிக்கிற பாலை எமனுக்குல்ல எழுதிக் குடுக்கப் பாத்தீங்க!"

"வாட் இஸ் ஷீ சேயிங்?" என்றார் துரை.

நல்லது என்கிறாள் ஐயா என்பது நாக்கின் நுனிவரை வந்தது. விழுங்கினேன். எல்லாவற்றையும் சொன்னேன். என்னை ஏசியதைச் சொன்னேன். தெரிந்திருந்தால் கட்டியிருப்பாள் என்றதைச் சொன்னேன். அந்த வேகத்தில் அன்றைக்கு நான் விழுங்கிய பழைய பாக்கியும் வெளியே வந்துவிட்டது: புல்லையெல்லாம் பிடுங்கிவிட்டு ரப்பர் நட்டது நீங்கள்தானே என்று கேட்டாள் ஐயா. புல்டு அப் ஆல் தி கிராஸ்.

துரை வெகுநேரம் மலையைப் பார்த்தார். மலை முழுக்க ரப்பர். ஒரு புல் தெரியவில்லை. பிறகு தும்மல் வந்தது. நாங்கள் எல்லாரும் மூச்சு விட்டோம்.

மாடு இருக்கட்டும் என்றார். ஆற்றோரத்துப் புல்லை ஆட்கள் அறுத்துக்கொள்ளலாம் என்றார். துரைசாணியிடம் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு, மறு விதை வந்து பூக்கும் வரை, தினமும் பெரட்டுக்கு முன்னால் லெச்சுமியைக் கட்டி வைக்கும் வேலை கிளாக்கருடையது என்றார். டை இட் அப். பொடியன் நடுவில்.

ஒரு வருஷத்துக்கும் மேல் கட்டினேன். இன்றைக்கும் கொய்யாமலையில் போய் மாட்டுக் கிளாக்கர் வீடு எது என்று கேட்டால் காட்டுவார்கள்.

மூன்று மாதப் பால்

லெச்சுமி அடுத்து ஈன்றபோது எங்கள் வீட்டிலும் ஒரு வயசுக் குழந்தை. ஒரு நாள் விடியற்காலையில் மூக்காயி ஒரு செம்புப் பாலைக் கொண்டுவந்து வாசலில் வைத்தாள். "புள்ளைக்கு," என்றாள். எனக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. மன்னித்துவிட்டாள் என்று நினைத்தேன்.

உங்கள் அம்மா அதைக் காய்ச்சிப் பார்த்துவிட்டு, "இது பாலா, கழுநீரா?" என்று கேட்டாள்.

ஸ்டோர் மிதவையை விட்டுப் பார்க்கலாமா என்று யோசித்தேன். அது ரப்பர்ப் பாலுக்குச் செய்தது, மாட்டுப் பாலில் பொய் சொல்லும். தேவையும் இல்லை. பாலுக்கு அடியில் செம்பின் அடி தெரிந்தது. மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். கடைசியில் கேட்டுவிட்டேன்.

"மூக்காயி, ஒன் ரப்பர்ப் பாலுல ஒரு சொட்டுத் தண்ணி நான் பாத்ததில்ல. இதுல மட்டும் ஏன்?"

"நீங்க பேச்சுல ஊத்துனதுதான்," என்றாள், நிமிர்ந்து பார்த்து. "மூணு தடவை ஊத்துனீங்க. மூணு மாசம் குடிங்க."

வாயை மூடிக்கொண்டு குடித்தோம். கணக்குப் பிசகாமல் மூன்று மாதம் முடிந்த மறுநாள், செம்பைத் திறந்தபோது மேலே விரல் கனத்துக்கு ஆடை கட்டியிருந்தது.

என் மூத்த மகளே, எல்லாரும் உன்னை ஈர்க்கு, ஈர்க்கு என்று கேலி செய்வதாக நீ அழும்போதெல்லாம், அது உன் உடல்வாகு அம்மா என்று உன்னிடம் பதமாகச் சொல்லிவந்தேன். அப்படி இல்லை. அந்த மூன்று மாதம் அந்தத் தண்ணீர்ப் பாலைக் குடித்தவள் நீதான்.